வேலூரில் உடம்புக்கு ஏற்ற ஓட்டல் சாப்பாட்டைக் காட்டும் செயலி: யோசனை சொல்லுங்கள்

காட்பாடி_நிரலர் | ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். காட்பாடி பக்கம் இருக்கிறேன். பகலில் கம்பெனி வேலை, இரவில் சொந்தமாகச் செயலி எழுதிப் பார்ப்பேன். இப்போது கையில் எடுத்திருப்பது: வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டியவர்களுக்கு, பக்கத்தில் எந்த ஓட்டலில் எதைச் சாப்பிட்டால் உடம்பு கெடாது என்று காட்டும் செயலி. முதலில் வேலூர் மட்டும்.

இந்த ஊரில் ஓட்டலை நம்பி இருப்பவர்கள் ரொம்ப அதிகம். விஐடி பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு பக்கம். சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் நோயாளிகளும் கூட வந்தவர்களும் இன்னொரு பக்கம். டெலிவரி செயலிகளில் ‘ஹெல்தி’ என்று தேடினால் சாலட்டும் ஸ்மூத்தியும் வருகின்றன. இட்லி வருவதில்லை.

இதுவரை யோசித்தது: யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஓட்டல்கள், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கலோரி, புரதம், உப்பு. தட்டைப் படம் எடுத்தால் ஏஐ கணக்குப் போட்டுச் சொல்லும். கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். தரவை எங்கே பிடிப்பது என்பதில்தான் நிற்கிறேன். என்ன நினைக்கிறீர்கள்?

பாலாற்று_மணல் | ஞாயிறு, இரவு 9:34

தரவுதான் செயலியே, மற்றதெல்லாம் மேல்பூச்சு. சொமேட்டோ ஒரு காலத்தில் வெளியார் செயலிகள் தரவை எடுத்துக்கொள்ள ஏபிஐ என்ற வழி கொடுத்தது, பிறகு மூடிவிட்டது. கூகுள் மேப்ஸில் இருந்து எடுத்து நம் தளத்தில் சேமித்து வைக்க அவர்களுடைய நிபந்தனைகள் விடாது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் எடுத்தது சரி. ஆனால் அதில் கடைப் பெயர், இடம், சைவமா அசைவமா என்ற அளவுக்குத்தான் இருக்கும்.

சட்டம் உதவும் என்று நினைத்தால் அதுவும் பாதிதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறைப்படி, மத்திய உரிமம் வைத்திருக்கும் ஓட்டல்களும் பத்து அல்லது அதற்கு மேல் கிளை உள்ளவையும் மெனுவில் கலோரி போட வேண்டும். நம் ஊர் மெஸ்ஸுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆக, உங்கள் செயலியில் முதல் நாளே முழு விவரத்தோடு பளிச்சென்று நிற்கப்போவது பீட்சாவும் பர்கரும்தான். இட்லிக்கு நேராக ‘விவரம் இல்லை’ என்று வரும்.

காட்பாடி_நிரலர் | ஞாயிறு, இரவு 9:50

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. மைதா, அரிசி இரண்டுமே 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 கலோரி. எண்ணெய் கிராமுக்கு 9. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் செய்முறை தெரிந்தால் கூட்டிப் போட்டுவிடலாமே?

தோட்டப்பாளையம்_மெஸ் | ஞாயிறு, இரவு 11:05

கடையை மூடிவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன் தம்பி. எங்களுடையது அப்பா காலத்து மெஸ். செய்முறை தெரிந்தால் என்கிறீர்கள். எழுதி வைத்திருந்தால் அல்லவா தெரிவதற்கு! மாஸ்டர் கைக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் அடுப்படியை அப்படியே சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள். விடியற்காலை நாலரைக்குச் சரக்கு மாஸ்டர் பருப்பை ஏற்றுவார். ஆறு மணிக்குள் சாம்பார் இறங்கிவிடும். உப்பு அதிலேயே விழுந்தாயிற்று. மாவில் முதல் நாள் ராத்திரியே உப்பு. சட்னியில் அரைக்கும்போதே உப்பு. எட்டு மணிக்கு ஒருவர் வந்து ‘எனக்கு உப்பில்லாமல் சாம்பார்’ என்றால் நான் எங்கே போவேன்? பத்து மணிக்கு மேல் அடி சாம்பார் கெட்டியாகிவிடும். வெந்நீர் விட்டு, ஒரு கை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு இன்னொரு கொதி. காலை ஏழு மணி சாம்பாரும் பத்தே முக்கால் சாம்பாரும் ஒன்று கிடையாது. இதில் எதற்கு நீங்கள் கணக்குப் போடுவீர்கள்?

தோசைக்கல் வேறு விஷயம். அங்கே எல்லாமே கல்லில் நிற்கிற ஆளின் மனசு. எண்ணெய்க் குவளையில் ஒரு கரண்டி கிடக்கும், மூக்கு கொஞ்சம் வளைந்தது. தோசை ஓரத்தில் அதைச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு சுற்று. முன்பு இருந்த மாஸ்டர் அரைச் சுற்றோடு நிறுத்திவிடுவார். இப்போது இருப்பவர் ஒன்றரைச் சுற்று விடுவார், பிறகு தோசையின் ஓரத்தைத் தூக்கி அடியிலும் கொஞ்சம். முறுகலாக வரும், சாப்பிடுகிறவருக்கும் பிடிக்கும், நானும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே கடை, ஒரே மாவு, ஒரே விலை.

‘எண்ணெய் விடாமல் கல் தோசை’ என்று கேட்டால் எங்களிடம் கிடைக்கும். ஆனால் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை கேட்காதீர்கள். கல் நிறையத் தோசை கிடக்கும்போது ஒன்றுக்கு மட்டும் தனியாகப் பார்க்க முடியாது. சப்ளையர் தலையாட்டிவிட்டுப் போவார், தோசை வழக்கம் போலவே வரும்.

எதைக் கேட்டால் மாற்றித் தருவோம், எந்த நேரத்தில் கேட்டால் தருவோம் என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எத்தனை கலோரி என்றால் எனக்கும் தெரியாது, மாஸ்டருக்கும் தெரியாது. நீங்கள் போடுவதும் குத்துமதிப்புதான்.

பாகாயம்_மாணவி | திங்கள், காலை 7:20

மெஸ் அண்ணன் சொன்னது செயலியைவிட நன்றாக இருக்கிறது.

படம் பார்த்துக் கலோரி சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். கல்லூரி ப்ராஜெக்டுக்கு நாங்கள் செய்து பார்த்தோம். பலரும் பயிற்சிக்கு எடுக்கும் ஃபுட்-101 என்ற தொகுப்பில் 101 வகை உணவு இருக்கிறது, அதில் சமோசா உண்டு, இட்லி தோசை கிடையாது. நாங்களே படம் எடுத்துச் சேர்த்தோம். தனி இட்லியை ஒழுங்காகச் சொல்லும். சாம்பாரில் மூழ்கிய இட்லியைப் பார்த்துவிட்டு சூப் என்றது. அதைக்கூடச் சரிசெய்யலாம். எண்ணெயும் உப்பும் படத்தில் விழாது, அதற்கு எந்த மாடலும் ஒன்றும் செய்ய முடியாது.

காட்பாடி_நிரலர் | திங்கள், காலை 8:02

@தோட்டப்பாளையம்_மெஸ் அண்ணே, கேட்டால் மாறுவது எது, மாறாதது எது என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? கலோரிக்குப் பதில் அதையே தரவாக வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

தோட்டப்பாளையம்_மெஸ் | திங்கள், பிற்பகல் 3:15

இப்போதுதான் ஓய்வு. கல்லில் போடுவது எல்லாம் மாறும்: தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி, ஆம்லெட். பொடிக்கு எண்ணெய்க்குப் பதில் தயிர் கேட்டால் தருவோம். சாம்பாரை மேலே ஊற்றாமல் கிண்ணத்தில் தனியாகத் தருவோம். மதியச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்துக்கொண்டு பொரியலும் கூட்டும் இன்னொரு தரம் கேட்டால் முழுச் சாப்பாட்டில் காசு கிடையாது, அளவுச் சாப்பாட்டில் உண்டு. பதினொன்றரைக்கு முன்னால் வந்து சொன்னால் தாளிக்காத வெந்த பருப்பு ஒரு கிண்ணம் எடுத்து வைப்போம். இது நிறையப் பேருக்குத் தெரியாது. குழம்புக்குப் போவதற்கு முன்னால் பருப்பு தனியாகத்தானே வேகிறது. அப்போது அதில் மஞ்சள் மட்டும்தான் இருக்கும்.

மாறாதது பொங்கல், வடகறி, குருமா, காரக்குழம்பு. பரோட்டாவில் எண்ணெயைக் குறைக்கச் சொல்வதற்குப் பதில் பரோட்டாவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எங்கள் கடை. பக்கத்துக் கடையில் வேறு மாதிரி இருக்கும். சில இடங்களில் சப்பாத்தி மாவில் மைதா கலப்பார்கள், அதை எவ்வளவு கேட்டாலும் மாற்ற முடியாது.

உணவியல்_அக்கா | திங்கள், இரவு 8:40

மருத்துவ உணவியல் என் தொழில். எங்கே வேலை என்பது இங்கே வேண்டாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் போடும் யோசனை என்னைப் பயமுறுத்துகிறது. யாருக்குப் பச்சை? சர்க்கரை உள்ளவருக்குக் கீரைக் கூட்டும் சுண்டலும் நல்ல சாப்பாடு. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களில் பலருக்குப் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருப்போம். அவர்களுக்குக் கீரை, தக்காளி, தேங்காய்ச் சட்னி எல்லாமே அளவோடுதான். வெயிலுக்கு ஒரு இளநீர் குடிப்பதுகூட அவர்களுக்கு விளையாட்டில்லை. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கீரை கூடாது என்பதில்லை, ஆனால் ஒரு நாள் குவியலாகவும் ஒரு நாள் இல்லாமலும் சாப்பிட்டால் மருந்தின் அளவு ஆட்டம் காணும். ஒரே கீரைக்கு எத்தனை நிறம் போடுவீர்கள்?

அடுத்து உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள். ஓட்டலில் எல்லோரும் சாம்பாரைத்தான் பார்க்கிறார்கள். அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம். மாவு புளிக்காத நாளில் போடும் ஆப்பசோடா, போண்டாவில் போடும் ஆப்பசோடா எல்லாம் சோடியம். நாக்குக்கு உப்புக் கரிக்காததால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ‘உப்பு குறைவு’ என்று நீங்கள் சீட்டு ஒட்டினால், யாராவது ஒரு நல்ல மனசுக்காரர் கடையில் லோ-சோடியம் உப்பு வாங்கிப் போட ஆரம்பிப்பார். அதில் சோடியம் உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்தக்கொதிப்பு மட்டும் உள்ளவருக்குச் சரி. சிறுநீரக நோயாளிக்கு அது உயிருக்கே உலை. அந்த நோயாளிகள் எந்த ஊரில் அதிகம் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1971லேயே சிறுநீரக மாற்று அறுவை செய்த மருத்துவமனை இருக்கும் ஊர் இது.

ஆகவே செயலி ‘இது உங்களுக்கு நல்லது’ என்று சொல்லவே கூடாது. அவர்கள் கையில் ஏற்கெனவே டயட் சீட்டு இருக்கிறது. சீட்டில் எழுதியதை எந்தக் கடையில் வாங்கலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

சத்துவாச்சாரி_ராஜா | திங்கள், இரவு 9:05

அக்கா சொல்வது சரிதான், ஆனால் எல்லாவற்றுக்கும் பயந்தால் எதையும் ஆரம்பிக்க முடியாது. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். அவர்களுக்கு மட்டும் ஒரு செயலி போட்டாலே பெரிய கூட்டம். சர்க்கரைக்குப் பச்சை சிவப்பு போட்டுவிட்டுப் போங்கள், சிறுநீரகக்காரர்களுக்கு ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி.

உணவியல்_அக்கா | திங்கள், இரவு 9:22

பல வருடச் சர்க்கரைதான் பலருக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. உங்கள் ‘சர்க்கரைக் கூட்டத்திலேயே’ அவர்களும் இருப்பார்கள், சிலருக்கு அது தெரியவே தெரியாது. அந்த ஒரு வரியை யார் படிக்கப்போகிறார்கள்?

சர்க்கரைக்கு மட்டும் என்று வைத்தாலும் பலகையை நம்பி நிறம் போட முடியாது. 2023 சிறுதானிய ஆண்டு என்று ஐநா அறிவித்ததில் இருந்து எல்லா ஊரிலும் ‘கம்பு தோசை, ராகி தோசை’ பலகை தொங்குகிறது. மாவில் எவ்வளவு கம்பு, எவ்வளவு அரிசி என்று கேட்டுப் பாருங்கள். மேலே விடும் எண்ணெய் வழக்கம் போலத்தான். பலகையைப் பார்த்து உங்கள் செயலி பச்சை காட்டும், அவரும் ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிடுவார்.

ஆம்பூர்_சீரகசம்பா | செவ்வாய், காலை 10:11

வேலூர் மட்டும் என்றால் எந்த வேலூர்? 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள். 2019இல் வேலூரை மூன்றாக்கியதில் நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம் ஆகிவிட்டோம், ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டன. சிஎம்சியின் புது வளாகமே ராணிப்பேட்டை மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரம்தான் இருக்கிறது. அங்கே மெஸ் தெரு எதுவும் இல்லை. செயலி அங்கேதான் அதிகம் தேவைப்படும்.

அப்புறம், எங்கள் பிரியாணிக்குச் சிவப்பு போடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பாகாயம்_மாணவி | செவ்வாய், காலை 10:30

ஆற்காட்டைச் சேர்த்தால் அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடாவுக்கு என்ன நிறம்?

ஆம்பூர்_சீரகசம்பா | செவ்வாய், காலை 10:34

அதற்கு நிறம் தேவையில்லை, மனசாட்சி போதும்.

உணவியல்_அக்கா | செவ்வாய், பிற்பகல் 1:50

பிரியாணியை விட்டுவிடச் சொல்லி யாரையும் நான் அனுப்பியதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஆம்பூர் பிரியாணியில் மசாலா அடக்கமாகத்தான் இருக்கும், கறியும் தாராளமாகப் போடுவார்கள். கூட வரும் கத்தரிக்காயைப் பார்த்திருக்கிறீர்களா? கிண்ணத்தில் மேலே ஒரு விரல் அளவு எண்ணெய் நிற்கும். காயை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்ல காய், எண்ணெயில் மூழ்கடிக்காமல் கூட்டு வைத்தாலும் ருசிக்கும்.

செயலிக்கு இதில் உள்ள வேலை ஒன்றே ஒன்று: எந்தக் கடையில் அரை பிளேட் தருகிறார்கள்? எந்த நேரத்திலும் தருகிறார்களா, பார்சலுக்கும் உண்டா? சர்க்கரை உள்ளவருக்கு எந்தக் கலோரிக் கணக்கையும்விட இது உதவும்.

லாட்ஜ்_கவுண்டர் | செவ்வாய், இரவு 11:48

காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் கவுண்டரில் ராத்திரி டூட்டி. எங்களிடம் தங்குபவர்களில் மேற்கு வங்கம், ஜார்கண்ட், பங்களாதேஷ்காரர்கள் அதிகம். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நிறையப் பேர் அறையிலேயே சமைக்கிறார்கள். அடுப்பு, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு எடுத்து, கடுகெண்ணெய் வாங்கி, மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிடுவார்கள். ஆபரேஷன் அன்றைக்கும் மறுநாளும்தான் சிக்கல். சமைக்கிற ஆள் ஆஸ்பத்திரியில் இருப்பார். அப்போது என்னிடம் வந்து கேட்பார்கள்: ‘காரம் இல்லாத சாப்பாடு எங்கே?’

இவர்களுக்கு ரேட்டிங், ஸ்டார் எதுவும் வேண்டாம். வெள்ளைச் சோறு, வெந்த பருப்பு, காரமில்லாத காய், கஞ்சி. இந்த நான்கும் எங்கே, எந்த நேரத்தில்? அப்புறம் வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவுடன், ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் சூடான இட்லி எங்கே? இதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய சிக்கல் மொழி. செயலி வங்காளத்தில் இருந்தால் அவர்கள் படித்துவிடுவார்கள். ஓட்டலில் போய் எப்படிக் கேட்பார்கள்? நான் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்பேன்: ‘மிளகாய், மிளகு வேண்டாம். தாளிக்காத பருப்பும் சோறும் கொடுங்கள்.’ அதைக் காட்டி வாங்கி வந்துவிடுவார்கள். முடிந்தால் செயலியில் அந்தச் சீட்டை வையுங்கள்.

காட்பாடி_நிரலர் | புதன், காலை 7:45

இது அருமை அண்ணே. உணவைத் தேர்ந்தெடுத்தவுடன் பெரிய எழுத்தில் தமிழ்ச் சீட்டு திரையில் வரும், சப்ளையரிடம் அப்படியே காட்டலாம். நிரல் எழுதுவது ஒரு மாலை வேலைதான்.

தோட்டப்பாளையம்_மெஸ் | புதன், பிற்பகல் 3:30

தமிழ் மட்டும் போதாது தம்பி. எங்கள் சப்ளையர்களில் இரண்டு பேர் ஒடிசா, கல்லில் நிற்கும் மாஸ்டரின் உதவியாள் அசாம். அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. கல்லாவில் காட்டச் சொல்லுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் உள்ளே குரல் கொடுப்பார். டோக்கன் கடையில் இன்னும் சுலபம், டோக்கன் பின்னாலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால் வங்காளத்து வாடிக்கையாளரும் அந்த அசாம் பையனும் நேரில் பேசிக்கொண்டால் சீட்டே வேண்டியதில்லை. நடுவில் நாம்தான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சத்துவாச்சாரி_ராஜா | புதன், மாலை 6:10

எல்லாம் சரி, காசு? சர்வர், டொமைன், உங்கள் நேரம். ஓட்டல்காரர்களிடம் மாதம் ஒரு தொகை வாங்குங்கள், மேலே காட்டுகிறேன் என்று.

பாலாற்று_மணல் | புதன், மாலை 6:25

வாங்கினால் அன்றோடு செயலி செத்தது. காசு கொடுத்த கடைதான் முதலில் வரும், நோயாளி அதை நம்பிப் போவார். செலவைக் குறைப்பதுதான் வழி. சில நூறு கடை, கடைக்குப் பத்து வரி. எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும், போனில் ஒரு தடவை இறங்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும். சர்வரே தேவையில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுப்பதால் அதோடு கலக்கும் தரவுத்தளத்தையும் அதே திறந்த உரிமத்தில்தான் விட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்புறம், நோயை எங்கேயும் கேட்காதீர்கள். ‘உங்களுக்கு என்ன நோய்’ என்று கேட்டுச் சேமித்தால் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எண்ணெய் வேண்டாம், காரம் வேண்டாம் என்ற தேர்வு மட்டும் போதும், அதுவும் போனை விட்டு வெளியே போகக் கூடாது. லாகின் வேண்டவே வேண்டாம்.

கோட்டை_அகழி | புதன், இரவு 10:02

பழைய எண்ணெயில் பொரிக்கும் கடைகளையும் இதில் அம்பலப்படுத்துங்கள். பெயரோடு, படத்தோடு. அதுதான் மக்களுக்குத் தேவை.

பாலாற்று_மணல் | புதன், இரவு 10:20

பார்வையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எண்ணெயில் சிதைந்த பொருள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையில் இருந்து விதி இருக்கிறது. அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். கறுப்பாக இருக்கிறது என்று படம் போட்டால் நாளை வக்கீல் நோட்டீஸ்தான் வரும். சந்தேகம் இருந்தால் பில்லில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போடுங்கள், அது அவர்கள் வேலை.

நெறியாளர் | புதன், இரவு 10:41

கடைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எண்ணெய்ச் சண்டைக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

காட்பாடி_நிரலர் | வியாழன், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்போது இப்படி நிற்கிறது.

கலோரி இல்லை, நிறம் இல்லை, படமும் இல்லை. கடைக்கு ஒரு பக்கம். அதில் ‘கேட்டால் தருவார்கள்’ என்ற தலைப்பில் சின்னச் சின்ன வரிகள்: எண்ணெய் விடாத தோசை, தாளிக்காத பருப்பு, அரை பிளேட், தனிக் கிண்ணத்தில் சாம்பார், கஞ்சி. ஒவ்வொன்றுக்கும் எந்த நேரத்தில் கேட்கலாம், முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்ற விவரம், கடைசியாக விசாரித்த தேதி. கல்லாவில் காட்டும் சீட்டு தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும். ‘உப்பு குறைவு’ என்ற வரியை எடுத்துவிட்டேன். தராத கடையைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை, பட்டியலில் வராது, அவ்வளவுதான்.

முதல் கட்டம் பழைய பேருந்து நிலையத்தில் இருந்து சிஎம்சி வரை, காந்தி ரோடும் பக்கத்துச் சந்துகளும். ராணிப்பேட்டை வளாகம் அடுத்தது. ஆம்பூர் அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விசாரித்த தகவல் எத்தனை நாளைக்குச் செல்லும் என்று வைப்பது? மூன்று மாதம் சரியா?

தோட்டப்பாளையம்_மெஸ் | வெள்ளி, பிற்பகல் 3:20

மாதக் கணக்கு வேண்டாம், மாஸ்டர் கணக்கு வையுங்கள். மாஸ்டர் இருக்கிறவரை கை மாறாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகிறவர் திரும்பி வருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது, பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் அதிகம் கொடுத்தால் அங்கே நின்றுவிடுவார். அதனால் அந்த இரண்டு பண்டிகை முடிந்ததும் எல்லாக் கடையையும் மறுபடி விசாரியுங்கள். நடுவில் மாறினால் கடைக்காரரே சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள்: ‘மாஸ்டர் மாறிவிட்டார்.’ அழுத்தினால் கல்லில் போடுகிற வரிகள் மட்டும் மறைந்துவிடட்டும். பருப்பு, கஞ்சி, அரை பிளேட் எல்லாம் முதலாளி முடிவு, அது மாறாது.

உணவியல்_அக்கா | வெள்ளி, இரவு 8:15

இந்தப் பொத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் முதல் சில மாதம் வெளிச்சாப்பாட்டையே தவிர்க்க வேண்டும். வெட்டி வைத்த பழம், பச்சைக் காய், சட்னி, மோர் எதுவும் அவர்களுக்கு ஆகாது. இதைச் செயலியின் முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள், உள்ளே எங்கோ ஒளிக்காதீர்கள். சீட்டில் வரப்போகும் வாசகங்களை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

லாட்ஜ்_கவுண்டர் | சனி, அதிகாலை 1:30

சீட்டைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். வயதானவர்கள் நிறையப் பேர் பட்டன் போனோடு வருகிறார்கள். ஏ4 தாளில் எட்டுச் சீட்டு வருகிற மாதிரி அச்சுக்கும் ஒரு கோப்பு கொடுங்கள், வெட்டிக் கவுண்டரில் வைத்துக்கொள்கிறேன். வங்காளத்தில் பிழை பார்க்க எங்கள் ஜெராக்ஸ் கடையில் ஒரு ஆள் இருக்கிறார். பக்கத்து லாட்ஜ்களுக்கும் சொல்கிறேன், ஆனால் முதல் தடவை நீங்களே நேரில் வந்து கொடுத்தால் நல்லது.

காட்பாடி_நிரலர் | சனி, காலை 8:50

சரி அண்ணே, அச்சுக் கோப்பு நாளை மாலைக்குள் இந்த இழையிலேயே போடுகிறேன். விசாரிக்கப் போக இரண்டு மூன்று பேர் வேண்டும். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போனால்தான் மாஸ்டர்களிடம் பேச முடியும் என்று தெரிகிறது, அந்த நேரம் யாருக்கு முடியும்?

பாகாயம்_மாணவி | சனி, காலை 9:04

சனி, ஞாயிறு நான் வருகிறேன். இன்னொரு தோழிக்கு வங்காளம் நன்றாகத் தெரியும், அவளையும் கூட்டி வருகிறேன். டீ உங்கள் செலவு.